மரச்சட்டமும் மண்ணெண்ணெயும்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிரித்தானியக் கார்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் பொறியியலாளர் இல்லை. 1967ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ட்ரவலர் ஒன்றை வைத்துக்கொண்டு லண்டனில் சனி ஞாயிறுகளைத் தொலைக்கிற ஆள், அவ்வளவுதான்.

மைனர் 1948இல் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தெரிகிறதே என்று அதை நெடுக இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்தார், மனதுக்குப் பிடித்துப்போயிற்று. பொனற்றின் நடுவே தட்டையாக ஒரு பட்டை ஓடுகிறதே, அது அந்த நான்கு அங்குலத்தின் தழும்பு. முதலாளி நஃபீல்ட் பிரபுவோ, ஓடில்லாமல் வெந்நீரில் அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தார். அந்த முட்டை 16 இலட்சம் விற்றது.

இந்தக் கார்ப் பித்தர்கள் நாலு பேர் கூடினால் முதல் சண்டை எஞ்சினைப் பற்றித்தான். 1952க்குப் பின் வந்த 803 சிசி எஞ்சின் மேட்டில் மூச்சு வாங்கும் என்பதை அதை வைத்திருப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். 1956இல் வந்த 948 சிசி இனிமையாகச் சுழலும் என்று ஒரு கட்சி. 1962இல் வந்த 1098 சிசிதான் இன்றைய வீதிக்குச் சரி என்று மற்றக் கட்சி. என் வாக்கு 948க்கு. என்னிடம் இருப்பது 1098 என்பது வேறு கதை.

ட்ரவலர் என்பது மைனரின் எஸ்டேட் வடிவம், அதாவது பின்பக்கம் நீண்டு சாமான் ஏற்ற இடமுள்ள வகை, 1953இல் வந்தது. பின்பக்கம் முழுவதும் ஆஷ் மரச்சட்டம். பார்ப்பவர்கள் அழகுக்கு ஒட்டிய மரம் என்று நினைப்பார்கள். இல்லை, வண்டியின் பின்னுடம்பைத் தாங்குவதே அதுதான். கீழ்ச்சட்டம் சந்திக்கும் மூலைகளில் மழைத்தண்ணீர் தங்கி மரம் உக்கிப்போகும். வாங்கப் போகிறவர் சட்டைப்பைக்குள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கொண்டுபோய் அந்த மூலையில் குத்திப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். வார்னிஷ் மினுமினுப்பை நம்பவே கூடாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது முன்சக்கர மூட்டு. மரையிட்ட மூட்டு அது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் வெளியே சாய்ந்து வண்டி மூக்குக் குத்தி நிற்கும்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் சந்தியில் வாடகைக்கு நின்றவை எல்லாம் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மைனர் கார்கள். 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் அருமையானபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. சித்தப்பாவின் மைனரில் நானும் உதவியாள். அவர் பொனற்றைத் திறந்து ஒரு சின்னப் போத்தலிலிருந்து கார்பரேற்றருக்குள் பெற்றோலைப் பீச்சுவார். "இழடா" என்றதும் உள்ளிருந்து ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பேன். எஞ்சின் இருமிப் பிடிக்கும், சூடேறியதும் மண்ணெண்ணெயில் போகும். வெள்ளைப் புகை ஒழுங்கையை மூடிவிடும். பள்ளிக்கூடத்தில் என் சட்டை மணத்தை வைத்தே நான் காரில் வந்தேன் என்று கண்டுபிடிப்பார்கள்.

அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம், அதாவது எரிபொருள் கலவையை எஞ்சின் அமுக்கும் அளவு, குறைவு. அதனால்தான் மண்ணெண்ணெயைத் தாங்கின. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்ற ஒயில் எங்கே?

இங்கே பித்தர்களின் பெரிய வழக்கு, எது அசல் என்பது. இங்கிலாந்தில் 2018 முதல், 40 வயது கடந்த வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் இருந்தால் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. மைனர் எஞ்சின் குடும்பத்தையே சேர்ந்த 1275 சிசி எஞ்சினைப் பூட்டினால் குற்றமில்லை, ஜப்பான் எஞ்சினைப் பூட்டினால் சலுகை போய்விடும். தூய்மைவாதிகள் 1275க்கே மூக்கைச் சுருக்குவார்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டதற்காக ஒரு பெரியவர் என்னோடு அரைமணி நேரம் பேசாமல் இருந்தார். பரவாயில்லை, அவர் வண்டி நிற்க எடுக்கும் தூரத்தில் நான் தேநீர் குடித்துவிடுவேன். டீசல் எஞ்சின் பூட்டிய கேம்பிரிட்ஜில் மாப்பிள்ளை பெண் போனதைப் பார்த்த எனக்கு இந்தத் தூய்மை பிடிபடுவதில்லை. அந்தக் கேம்பிரிட்ஜ்களை இங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? உடம்பு உறுதியானது என்பதற்காகவே மோதல் பந்தயங்களில் இடித்து நொறுக்கினார்கள்.

அப்புறம் ஒன்று. மைனர் தகடுகளை இலங்கையின் காலியிலும் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் வண்டியின் இடப்பக்க முன் மட்காட் அப்படி வந்ததுதான். பூட்டும்போது ஒரு துளை ஒரு நூல் விலகி நின்றது. அரத்தை எடுத்து ராவினேன். ஆணி இறங்கிவிட்டது.