பத்து கன்னு நட்டா அந்தக் கூடு திரும்பி வருமா?

வணக்கம் மக்களே. ஒகேனக்கல்ல ஆத்தோரமா நிக்கிறேன். மணி ஆறே கால். பரிசல் இன்னும் இறக்கல, கூட்டம் வர்றதுக்குள்ள பேசிடலாம்னு வந்தேன். தண்ணி சத்தம் கொஞ்சம் கூட இருக்கும், பொறுத்துக்கோங்க.

போன பங்குனியில நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க ஊருக்குப் போற ரோட்டுல ரெண்டு பக்கமும் புளியமரம். தாத்தா காலத்து மரம், மூணு பேர் கை கோத்தாத்தான் கட்டிப் பிடிக்க முடியும். ரோடு அகலப்படுத்துறோம்னு வரிசையா அறுத்துக்கிட்டே வந்தாங்க. நான் போனப்ப அஞ்சாவது மரம் சாஞ்சு கிடக்கு. கிளைக்கு நடுவுல ஒரு வைரிக் கூடு. வைரின்னா சின்ன வேட்டைப் பறவை. சுள்ளி அடுக்கி, அது மேல பச்சை வேப்பிலை போட்டு வச்சிருக்கு. அந்த இலை வாடக்கூட இல்ல மக்களே. அன்னிக்குக் காலையிலதான் கொண்டாந்து போட்டிருக்கணும். கீழ முட்டை ஓடு, லேசா நீலம் ஓடுன வெள்ளை. மஞ்சக்கரு மண்ணுல ஊறிப் போயிருந்துச்சு. தாய்ப்பறவை கரண்டு கம்பத்து மேல உக்காந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. நான் இருந்த ஒரு மணி நேரமும் அது நகரல.

அந்த வரிசையில புளி உலுக்க ஏலம் எடுத்த ஒரு அம்மா பக்கத்துல நின்னாங்க. "பத்து நாளா அந்த மரத்துல ஏறவே இல்ல தம்பி. ஏறுனா மண்டையில அடிக்க வருது. பொரிச்சுட்டுப் போகட்டும்னு காயை அப்படியே விட்டுட்டேன்"னு சொன்னாங்க. காசு கட்டி எடுத்த மரம். அதுல இருந்த புளியை ஒரு பறவைக்காக விட்டவங்க அவங்க.

வேலை பார்த்தவர்கிட்ட கேட்டேன். ரெண்டே பதில்தான் சொன்னாரு. கூடு இருக்குன்னு யாரும் எழுதிக் குடுக்கலை. அப்புறம், ஒரு மரத்துக்குப் பத்து கன்னு நடப் போறோம் சார்.

இந்த ரெண்டாவது பதில் என்னைத் தூங்க விடல. இதுக்கு என்ன பேசுறதுன்னு தேடிப் படிச்சப்பதான் அமெரிக்காவுல நடந்த ஒரு வழக்கு கண்ணுல பட்டுச்சு. கோஸ்ஹாக்னு ஒரு பறவை. நம்ம வைரிக்குப் பெரிய அண்ணன்னு வச்சுக்கோங்க. அலாஸ்காவோட தென்கிழக்குத் தீவுகள்லயும் பக்கத்துல கனடாவோட பிரிட்டிஷ் கொலம்பியாவுலயும் அதுல ஒரு வகை இருக்கு, குயின் சார்லட் கோஸ்ஹாக்னு பேரு. முதுகு இருண்ட சாம்பல், கண்ணு சிவப்பு. பெரிய பழைய மரங்க இருக்கிற காட்டுல, மேல கூரை மாதிரி கிளை மூடுன இடத்துல கூடு கட்டும். அந்த மரத்துக்கு நடுவுலயே புகுந்து பறந்து வேட்டையாடும். மரத்தை மொத்தமா வெட்டிட்டா மறுபடி முளைக்கிற காடு புதர் மாதிரி நெருக்கமா வரும். அதுக்குள்ள அதால றெக்கையை விரிக்கவே முடியாது.

1994-ல அங்க மனு போட்டாங்க, அழியக்கூடிய உயிரினங்களுக்கான சட்டத்துல இதைச் சேருங்கன்னு. 1995-ல அரசாங்கம் தேவையில்லன்னு சொல்லிடுச்சு. காரணம் என்ன தெரியுமா? அலாஸ்காவுல அது இருக்கிற டாங்காஸ் காட்டுக்கு வனத்துறை புதுத் திட்டம் போட்டுக்கிட்டு இருக்கு, அதுல இந்தப் பறவைக்குப் பாதுகாப்பு வந்துரும்னாங்க. வழக்கு கோர்ட்டுக்குப் போச்சு. 1996-ல நீதிபதி அதை ஏத்துக்கல. இனிமே செய்யப் போறதை வச்சு இன்னிக்கு முடிவு எடுக்கக் கூடாது, இப்ப கையில என்ன பாதுகாப்பு இருக்குன்னு பாருங்கன்னு திருப்பி அனுப்பிட்டாரு. அவங்க சட்டத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கு. அஞ்சு விஷயத்தைப் பார்க்கணும், அதுல ஒண்ணு, ஏற்கெனவே இருக்கிற விதிமுறைங்க போதுமா போதாதாங்கிறது.

படிச்ச உடனே எனக்கு அந்தப் பத்து கன்னுதான் ஞாபகம் வந்துச்சு. இன்னிக்கு நடுற கன்னுல ஒரு வைரி கூடு கட்ட எத்தனை வருஷம் ஆகும்? அந்த வைரி அதுவரைக்கும் எங்க போகும்?

அந்த வழக்கு அதோட முடியல. 1997-ல மறுபடியும் தேவையில்லன்னாங்க. அப்புறம் ஒரு கட்டத்துல, பறவையை எண்ணிட்டு வாங்கன்னு கீழ்க் கோர்ட் சொல்லுச்சு. 2000-ல மேல் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. கையில இருக்கிற தகவல்ல எது நல்லதோ அதை வச்சு முடிவு எடுங்க, புதுசா எண்ணணும்னு சட்டத்துல இல்லன்னு சொல்லிடுச்சு. முதல்ல எனக்கு இது மனசுக்கு ஒப்பல. எண்ணாம எப்படித் தெரியும்? அப்புறம் யோசிச்சா அதுலயும் நியாயம் இருக்கு. இலைக்குள்ள ஒளிஞ்சு திரியுற பறவையை முழுசா எண்ணித்தான் தீரணும்னா, எண்ணி முடிக்கிறதுக்குள்ள மரம் போயிடும். கடைசியில 2012-ல பிரிட்டிஷ் கொலம்பியாவுல இருக்கிறதை மட்டும் ஆபத்துல இருக்கிற பட்டியல்ல சேர்த்தாங்க. அலாஸ்காவுல இருக்கிறதுக்கு இடம் கிடைக்கல. மனு போட்டு 18 வருஷம்.

நம்ம நாட்டுல அந்த அளவுக்கு இழுக்கல, அதை நான் பெருமையாவே சொல்றேன். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லயே வந்துருச்சு, அவங்களோடது 1973. 2022-ல அதைத் திருத்தி ஆறு அட்டவணையை நாலாக்குனாங்க. அதுல முதல் அட்டவணைங்கிறது ரொம்பக் கூடுதலா பாதுகாக்குற உயிரினங்களோட பட்டியல். முதல் அட்டவணைப் பறவையை வேட்டையாடுனா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய்க்குக் குறையாம அபராதம். கூட்டையோ முட்டையையோ கலைச்சாலும் சட்டத்துல அது வேட்டைதான். இது நிறையப் பேருக்குத் தெரியாது. துப்பாக்கி எடுத்தாத்தான் வேட்டைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

ஆனா கூடு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கலைக்காதேன்னு சொல்ல முடியும்? பறவை பேரு சட்டத்துல இருக்கு. அது உக்காருற மரம் எந்த ஏட்டுலயும் இல்ல.

இருங்க, இருங்க. அக்கரையைப் பாருங்க. அந்தப் பெரிய மருத மரம், காய்ஞ்ச கிளை ஒண்ணு ஆத்துப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுல. சாம்பல் உடம்பு, வயிறு வெள்ளை. மீன்கழுகு மக்களே, சின்ன மீன்கழுகு. இமயமலை அடிவாரத்து ஆத்துலதான் இது அதிகம். இவ்வளவு தூரம் தள்ளி நம்ம காவிரியோரம் கொஞ்சம் இருக்கு. ஓடுற தண்ணியும், அது மேல சாஞ்ச பெரிய மரமும் ரெண்டும் வேணும் இதுக்கு. அக்கரை கர்நாடகா, அங்கயும் சரணாலயம்தான். நம்ம பக்கம் 2014-ல காவிரி வடக்கு, 2022-ல காவிரி தெற்கு, தெற்கு மட்டுமே 686 சதுர கிலோமீட்டர். அந்த எல்லைக்குள்ள இருக்கிற மருத மரத்துல எவனும் நினைச்சபடி ரம்பம் வைக்க முடியாது. அது சந்தோஷம். எல்லைக்கு வெளிய பட்டா நிலத்துல, ரோட்டோரத்துல, ஏரிக்கரையில இருக்கிற மரத்துக்குத்தான் ஆள் இல்ல.

அதனால நானும் அந்தப் புளி அம்மாவும் ஒரு வேலை பண்ணோம். மிச்சம் இருக்கிற மரத்துல எல்லாம் பெயிண்டுல நம்பர் போட்டிருக்காங்க. அந்த நம்பரை வச்சே ஒரு நோட்டுல எழுதுனோம். எந்த மரத்துல என்ன கூடு, எந்த மாசம் முட்டை, எந்த மாசம் குஞ்சு. நான் பைனாகுலர் வச்சு ரெண்டு கண்டுபிடிச்சேன். மிச்சம் ரெண்டும் அவங்க சொன்னது, வருஷக்கணக்கா அந்த மரத்துல ஏறுறவங்க இல்லையா. நாலு கூடு, அதுல மூணு வைரி, ஒண்ணு ஆந்தைப் பொந்து. திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனுவா குடுத்துட்டோம். ரசீது வாங்கிட்டோம். நட்டு வளர்க்கிறதைப் பத்தி அதுல ஒரு வரிகூட எழுதல. இந்த நாலு மரத்தையும் பொரிக்கிற மாசத்துல தொடாதீங்க, முடிஞ்சா ரோட்டைக் கொஞ்சம் வளைச்சுப் போடுங்கன்னு மட்டும்தான் கேட்டிருக்கோம்.

உங்க பக்கம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, எங்கயா இருந்தாலும் நம்பர் போட்ட மரத்துல கூடு இருந்தா நீங்களும் எழுதிக் குடுங்க. இடத்தை மட்டும் வீடியோவுல போட்டுடாதீங்க, கூட்டம் கூடிடும். மாசி பிறக்கிறதுக்குள்ள எங்க மனுவுக்குப் பதில் வரணும். வந்ததும் அந்தக் கடிதத்தோட வர்றேன்.