பெயரும் வயதும் எழுதிய படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் இருந்த க்ருப் எஃகு ஆலை 1861ஆம் ஆண்டிலேயே தனக்கென்று ஒரு புகைப்படப் பிரிவை ஏற்படுத்திக்கொண்டது. 1867இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஆலையைப் படமெடுக்க வேண்டியிருந்தபோது, அதன் அதிபர் ஆல்ஃபிரட் க்ருப் தம் அலுவலர்களுக்குச் சில யோசனைகளை எழுதி அனுப்பினார். மே மாதத்தில், மரங்கள் பசுமையாகவும் காற்று அடங்கியும் இருக்கும்போது எடுக்கலாம். வேலை நாட்களில் புகையும் நீராவியும் மிகுந்திருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமைதான் உகந்தது. ஐந்நூறு பேரையோ ஆயிரம் பேரையோ வரவழைத்து ஆங்காங்கே நிறுத்தலாம் என்பது அவருடைய எண்ணம். தொழிலையும் சமூகத்தையும் பதிவுசெய்யும் கருவியாகப் புகைப்படம் வளர்ந்ததைப் பற்றிய இந்த உரையை நான் இங்கே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. படத்தை எடுக்கச் சொன்னவர் யார், யாரிடம் காட்டுவதற்காகச் சொன்னார் என்பதை அறியாமல், அந்தக் காலத்துத் தொழிற்சாலைப் படம் எதையும் நாம் சரியாகப் புரிந்துகொள்ள முடியாது.

1839இல் பாரிஸில் டாகெர் வெளியிட்ட முதல் புகைப்பட முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. அதற்குப் பிரதி எடுக்க வழியில்லை. இங்கிலாந்தில் டால்பட்டின் காகித நெகட்டிவ் முறையும், 1851இல் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கண்ணாடித் தகட்டு முறையும் வந்த பிறகே ஒரு படத்தைத் தெளிவாகப் பல பிரதிகள் எடுப்பது சாத்தியமாயிற்று. ஆனால் ஈரத் தகட்டில் ரசாயனத்தைப் பூசுவது, படமெடுப்பது, கழுவுவது எல்லாவற்றையும் அது காய்வதற்குள் முடித்தாக வேண்டும். ஆகவே படமெடுப்பவர் போகுமிடமெல்லாம் இருட்டறையாக ஒரு கூடாரத்தையும் புட்டிகளையும் ஆட்களையும் கொண்டு போக வேண்டியிருந்தது. இந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் அரசாங்கங்களும் ரயில்வே நிறுவனங்களும் ஆலை அதிபர்களும்தான். படங்களும் அவர்களுடைய பெருமையையே பேசின. 1869 மே 10ஆம் தேதி அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில் பாதை யூட்டாவில் நிறைவடைந்தபோது, இரண்டு இன்ஜின்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் பொறியாளர்கள் கைகுலுக்கும் காட்சியை ஆண்ட்ரூ ரசல் எடுத்தார். மேற்குப் பக்கப் பாதைக்காக மலையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். அந்தப் புகழ்பெற்ற படத்தில் அவர்களை ஏறக்குறையக் காணவே முடியாது.

ஏழைகள் படத்துக்குள் வந்த விதமும் முதலில் இதற்கு அதிகம் மாறுபட்டதாக இல்லை. கிளாஸ்கோ நகரின் நெருக்கமான சந்துகளை 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னன் எடுத்த படங்கள் இன்று பார்த்தாலும் மனத்தை அழுத்துகின்றன. ஆனால் அந்தச் சந்துகளை இடித்துத் தள்ளுவதற்காக அமைக்கப்பட்ட நகர அமைப்பே அவற்றை எடுக்கச் சொன்னது. அங்கே குடியிருந்தவர்கள் அந்தப் படங்களில் கட்டடங்களின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். நம் பக்கத்தில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின்போது, ஹூப்பர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, எலும்பும் தோலுமாகிப்போன குடும்பங்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். அவற்றைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பஞ்சம் நடந்தது என்பதற்கு அவை மறுக்க முடியாத சான்று. ஆயினும் அந்த மனிதர்களின் பெயர் என்ன, எந்தக் கிராமத்திலிருந்து நடந்து வந்தார்கள், படம் எடுத்த பிறகு பிழைத்தார்களா என்று அந்தப் படங்கள் நமக்குச் சொல்வதில்லை. இலவச நிவாரணம் பெறத் தகுதியானவர்கள் என்பது போன்ற பொதுவான வாசகங்களே அவற்றுக்குக் கிடைத்தன. பட்டினியால் துடித்தவர்களை ஒரு வகைமாதிரியாகக் காட்டும் இந்தப் பார்வையை நான் கடுமையாகவே மதிப்பிடுகிறேன்.

1880களில் கருவி மாறியது. கடையில் ஆயத்தமாகக் கிடைத்த உலர் தகடுகளால் கூடாரம் தேவையற்றுப் போனது; 1887இல் ஜெர்மனியில் உருவான மக்னீசிய ஒளிப்பொடியால் இருட்டிலும் படமெடுக்க முடிந்தது; படத்தைச் சிறு புள்ளிகளாக மாற்றும் ஹாஃப்டோன் அச்சு முறையால் புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்தே பத்திரிகையில் அச்சிட முடிந்தது. டென்மார்க்கில் பிறந்து நியூயார்க்கில் காவல் துறைச் செய்தியாளராக இருந்த ஜேக்கப் ரீஸ், அந்த ஒளிப்பொடியோடு இரவில் ஏழைகள் நெருக்கியடித்துத் தங்கிய விடுதிகளுக்குள் புகுந்து, தூக்கம் கலைந்து திகைத்த முகங்களைப் பதிவுசெய்து, 1890இல் நூலாகவும் வெளியிட்டார். நகரத்தின் மனச்சாட்சியை அவர் அசைத்தார் என்பது உண்மை. தமக்கு முன் இருந்தவர்களிடம் அனுமதி கேட்க அவர் பெரும்பாலும் நிற்கவில்லை என்பதும் உண்மை.

இவர்கள் எல்லோரையும் கடந்து நான் அதிகம் பேச விரும்புவது லூயிஸ் ஹைன் என்பவரைப் பற்றி. 1874இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளைப் படமெடுத்துப் பழகியவர். 1908இல், குழந்தை உழைப்பை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு அவரை முழுநேரப் பணிக்கு எடுத்துக்கொண்டது. 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளில் பதினேழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எண் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் குழந்தைகளை யாரும் பார்த்திருக்கவில்லை.

ஆலைக்குள் நுழைவது எளிதாக இல்லை. சில இடங்களில் பைபிள் விற்பவராகவும், சில இடங்களில் அஞ்சலட்டை விற்பவராகவும், இன்னும் சில இடங்களில் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவராகவும் ஹைன் உள்ளே போனார். இயந்திரத்தின் அளவு தெரிவதற்காக என்று சொல்லி, பக்கத்தில் ஒரு சிறுமியை நிற்கச் சொல்வார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று முன்பே தெரிந்து வைத்திருந்ததால், சிறுமியின் தலை எந்தப் பொத்தானுக்கு நேராக வருகிறது என்று பார்த்தே உயரத்தைக் கணக்கிட்டுவிடுவார். பெயர், வயது, எத்தனை காலமாக வேலை, என்ன கூலி என்பதையெல்லாம் கோட்டுப் பைக்குள் கைவிட்டபடியே, வெளியில் தெரியாமல் குறித்துக்கொள்வார். 1908 நவம்பரில் தென் கரோலினாவின் லான்காஸ்டரில் ஒரு நூற்பாலையில் எடுத்த படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: நூற்கும் இயந்திரத்தில் நூல் சுற்றும் பாபின்களின் வரிசை முடிவில்லாமல் பின்னோக்கி ஓடுகிறது, அதன் பக்கத்தில் நிற்கும் சிறுமியின் உயரம் 48 அங்குலம், வேலைக்கு வந்து அரை வருடம் ஆகிறது என்று குறிப்பு சொல்கிறது. பெரும்பாலும் அவர் கேமராவைக் குழந்தையின் கண் மட்டத்துக்குத் தாழ்த்தியே வைத்தார். அதனால் அந்தக் குழந்தைகள் நம்மை நிமிர்ந்து பார்ப்பதில்லை, நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.

1911 ஜனவரியில் பென்சில்வேனியாவின் சவுத் பிட்ஸ்டனில், நிலக்கரியிலிருந்து கல்லைப் பொறுக்கியெடுக்கும் சிறுவர்களை அவர் எடுத்தார். ஓடிவரும் கரியின் மேல் குனிந்து வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய முகங்கள் கரியேறிக் கிடக்கின்றன. தூசி சில வேளைகளில் பார்வையையே மறைத்தது என்றும், அது சிறுவர்களின் நுரையீரல் வரை செல்கிறது என்றும், அதட்டி வேலை வாங்கும் ஆள் அவர்களைக் குத்தியும் உதைத்தும் பணியவைப்பது உண்டு என்றும் அவர் எழுதி வைத்தார். தூசியின் ஆழத்தையும் உதையின் வலியையும் தகட்டில் பிடிக்க முடியாது. அதை அறிந்துதான் அவர் எழுத்தையும் படத்தையும் பிரிக்க முடியாதபடி இணைத்தார். ஆலைத் தரப்பினர் படங்களைப் பொய் என்று தள்ள முனைவார்கள் என்பதால் விவரங்களில் சிறு கலப்பும் இருக்கக் கூடாதென்று பிடிவாதமாக இருந்தார். இந்தப் படங்கள் சமூகநல இதழ்களிலும் கண்காட்சித் தட்டிகளிலும் கூட்டங்களில் திரையிடப்பட்ட கண்ணாடி வில்லைகளிலும் நாடெங்கும் பயணம் செய்தன.

படங்கள் மட்டுமே சட்டத்தைக் கொண்டுவந்தன என்று சொன்னால் அது மிகையாகிவிடும். குழந்தைகளுக்கான மத்திய அரசுத் துறை 1912இல் அமைந்தது. குழந்தை உழைப்பில் விளைந்த பொருட்கள் மாநில எல்லை தாண்டுவதைத் தடுத்த 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிலைத்து நின்ற சட்டம் 1938இல்தான் வந்தது. இடையில் தொழிற்சங்கங்களின் போராட்டமும், பெரியவர்களுக்கே வேலை இல்லாமற்போன பொருளாதார வீழ்ச்சியும் இருந்தன. ஹைனும் அதற்குள் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பியதைத் தொழிலாளர்களோடு தொழிலாளராக ஏறிப் படமெடுத்து முடித்து, பின்னர் வேலையில்லாமல் வறுமையில் வாடி, 1940இல் காலமானார். இவ்வளவு செய்தவரை அந்த நாடு அப்படிக் கைவிட்டது என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெயரைக் குறிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அடுத்த தலைமுறையின் மிகப் பெரிய படம் காட்டியது. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்து பயிர் கருகியதால் பட்டினி கிடந்த ஒரு தாயை, அரசாங்கத்துக்காகப் பணிபுரிந்த டோரத்தியா லாங் எடுத்தார். படம் பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிவிட்டிருந்தது. லாங் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. உலகமறிந்த அந்த முகத்துக்கு உரியவர் யார் என்று தெரியவர 1978 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹைனின் குறிப்புகளோ நூறாண்டுக்குப் பிறகும் பயன்படுகின்றன. அவர் எழுதிய பெயர்களையும் ஊர்களையும் கொண்டு, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஓர் அமெரிக்க ஆய்வாளர் அந்தக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோரின் பிற்கால வாழ்க்கையைத் தேடிக் கண்டறிந்தார். தம் பாட்டி ஆலையில் வேலை பார்த்ததையே அறியாத பேரப்பிள்ளைகள் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தார்கள். சென்னைப் பஞ்சப் படங்களை வைத்துக்கொண்டு நம்மால் அப்படித் தேட முடியாது. ஹைன் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக எடுத்த படங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ளன. இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பார்க்கும்போது படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், கீழே அவர் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.