சாமுராய் கதைக்கு முன்னாடி காதல் தோல்விப் பாட்டு எதுக்கு? அனிமே ஓப்பனிங் சாங்ஸ் கதை

[திரையில்: கன்னத்துல தழும்போட ஒரு சாமுராய், பின்னாடி பழைய டோக்கியோ தெரு]

வருஷம் 1878, மெய்ஜி காலத்து ஜப்பான். ஒரு காலத்துல ராத்திரியோட ராத்திரியா ஆளுங்கள வெட்டிச் சாய்ச்ச ஒருத்தன், இனிமே ஒரு உயிரைக்கூட எடுக்க மாட்டேன்னு முடிவு பண்ணி, கூர் பக்கம் திருப்பி வச்சு அடிச்ச ஒரு வாளை இடுப்புல சொருகிக்கிட்டு ஊர் ஊரா சுத்துறான். இதான் ருரோனி கென்ஷின், 1996 ஜனவரில ஜப்பான் டிவில ஆரம்பிச்ச அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் சீரிஸ்.

சரி, இப்படி ஒரு கதைக்கு ஓப்பனிங் சாங் எப்படி இருக்கும்? ரத்தம், வாள், சபதம், அந்த மாதிரி ஏதாவதுன்னுதான நினைப்பீங்க. ஆனா ப்ளே பண்ணா துள்ளலா ஒரு பாப் ராக் வருது. ஒரு பொண்ணு பாடுது, தன் மூஞ்சில இருக்கற பழுப்புப் புள்ளிங்க தனக்குப் பிடிக்கலைன்னு ஆரம்பிச்சு, உடைஞ்சு போன காதல், அதோட வலி, சர்க்கரைக் கட்டியோட சேந்து காதலும் கரைஞ்சு போச்சுங்கற ரேஞ்சுக்குப் போகுது. வாளும் கிடையாது, சாமுராயும் கிடையாது. பாட்டு பேரு சோபாகாசு, பேண்டு பேரு ஜூடி அண்ட் மேரி. பாடின யூகி பின்னாடி சொன்ன விஷயம் என்னன்னா, அனிமேக்குன்னு மட்டும் சொன்னாங்க, எந்த அனிமே என்ன கதைன்னு தெரியல, டைமும் இல்ல, அதனால எழுபதுகள்ல வந்த கேண்டி கேண்டிங்கற சீரிஸ் ஞாபகம் வந்து, அதுல வர்ற புள்ளி மூஞ்சிப் பொண்ண மனசுல வச்சு எழுதிட்டாங்களாம். அந்தப் பாட்டு ஜப்பான் சார்ட்ல நம்பர் ஒன் ஆச்சு, 10 லட்சத்துக்கு மேல வித்துச்சு.

அப்ப இன்னிக்கு நாம பாக்கப் போறது இதான். கதைக்குச் சம்பந்தமே இல்லாத பாட்டு எப்படி அனிமே முன்னாடி வந்து உக்காந்துச்சு, அப்புறம் எப்படி மெதுவா கதைக்குள்ள திரும்பி வந்துச்சு. போற வழில எனக்குப் பிடிச்ச சில பாட்டையும் கேட்டுக்கிட்டே போலாம். உங்களுக்குப் பிடிச்சது விட்டுப்போச்சுன்னா திட்டிக்கோங்க, பரவால்ல.

[திரையில்: கறுப்பு வெள்ளை டிவி, பறக்கற ரோபோ பையன்]

ஆரம்பத்துல இப்படி இல்ல. 1963 ஜனவரி 1, ஆஸ்ட்ரோ பாய், ஜப்பான்ல டெட்சுவான் ஆட்டம்னு சொல்லுவாங்க. முதல்ல அதுக்கு வெறும் இசை மட்டும்தான், வரிகள் அப்புறம்தான் சேந்துச்சு, எழுதினது யாருன்னு பாருங்க, ஷுன்டாரோ டானிகாவா, ஜப்பானோட பெரிய நவீன கவிஞர்கள்ல ஒருத்தர், 2024ல 92 வயசுல காலமானாரு. சின்னப்பசங்க கார்ட்டூன்தானேன்னு யாரும் அலட்சியமா எழுதல. இன்னிக்கும் டோக்கியோல டகாடனோபாபா ஸ்டேஷன்ல யமனோடே லைன் ரயில் கதவு மூடுறதுக்கு முன்னாடி அந்த ட்யூன்தான் அடிக்கும்.

எழுபதுகள்ல ரோபோ சீசன். 1972ல மாஜிங்கர் இசட். அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் நம்ம படத்துல வர்ற ஹீரோ இன்ட்ரோ சாங் மாதிரியேதான் இருக்கும், அவன் பேரு என்ன, அவன் பலம் என்ன, அவன் கைல இருக்கற ஆயுதம் என்ன, எல்லாத்தையும் பேர் சொல்லிக் கத்திப் பாடணும். மாஜிங்கர் பாடின இச்சிரோ மிசுகி அந்தக் கத்தலுக்குன்னே பொறந்தவரு. அந்த "ஸெட்டோ!"னு அடிவயித்துலேர்ந்து வர்ற ஒரு கத்தல் இருக்கே, அதுக்காகவே ஒரு தடவை கேளுங்க. அவர அனிசாங், அதாவது அனிமே பாட்டு உலகத்துல அண்ணன்னுதான் கூப்பிடுவாங்க. 1999ல கவாகுச்சி ஏரி பக்கத்துல ஒரு மேடைல நின்னு 24 மணி நேரத்துல 1000 பாட்டு பாடி முடிச்ச மனுஷன். 2022 டிசம்பர்ல போயிட்டாரு.

இந்த மாதிரிப் பாட்டு டாய் விக்கறதுக்கும் உதவுச்சு, பையன் ஆயுதம் பேர மனப்பாடமா பாடுவான், கடைக்குப் போய் அதையே கேப்பான். ஆனா ரெக்கார்ட் கடைல? பெரியவங்க யாரும் ரோபோ குத்து விடற பாட்ட வாங்கிட்டுப் போக மாட்டாங்க இல்லயா. அங்கதான் கத மாறுது.

1983ல கேட்ஸ் ஐன்னு ஒரு சீரிஸ், மூணு அக்கா தங்கச்சிங்க சேந்து ஓவியம் திருடுற கதை. அதுக்கு ஆன்ரிங்கற பாப் சிங்கர் பாடினாங்க, சும்மா சிட்டி பாப் ஸ்டைல்ல, ராத்திரி, நகரம், நடனம்னு. சீரிஸ் பேர் மட்டும் வரில வருது, அவ்ளோதான், மத்தபடி ரேடியோல போட்டா இது கார்ட்டூன் பாட்டுன்னு யாருக்கும் தெரியாது. ஜப்பானோட முக்கிய விற்பனை சார்ட்டான ஆரிகான்ல நம்பர் ஒன். ரெக்கார்ட் கம்பெனிங்களுக்கு ஓ இப்படி ஒரு வழி இருக்கான்னு தோணிருச்சு.

இதுக்கப்புறம் எண்டிங் சாங் பத்திச் சொல்லியே ஆகணும், ஏன்னா எனக்கு இந்த லிஸ்ட்லயே டாப் இதுதான். 1987, சிட்டி ஹண்டர், டிஎம் நெட்வொர்க் பேண்டோட கெட் வைல்டு. பொதுவா என்ன நடக்கும், எபிசோட் முடியும், கறுப்பாகும், எண்டிங் ஓடும், எல்லாரும் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போயிருவாங்க. சிட்டி ஹண்டர்ல என்ன பண்ணாங்கன்னா, கடைசி சீன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, ஹீரோ ரியோவோ யாரோ பேசிட்டு இருக்கும்போதே, அடில மெதுவா அந்தப் பாட்டோட இன்ட்ரோ ஆரம்பிச்சிரும். கடைசி டயலாக் முடியும், படம் அப்படியே உறைஞ்சு நிக்கும், அதே செகண்ட்ல பீட் விழும். வேலை முடிஞ்சுச்சு, வந்த பொண்ணு கிளம்பிட்டா, ஊர் மட்டும் தூங்கல, அந்த ஃபீல் மொத்தமா அந்த ஒரு கட்ல வந்து உக்காந்துரும். எபிசோட் சுமாரா இருந்தாக்கூட முடியும்போது நல்ல எபிசோட் பாத்த மாதிரி ஆக்கிவிட்ரும், அதுதான் இதோட ஆபத்தும்கூட.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம், ஏன்னா இது தெரியாம சோபாகாசு கதை புரியாது.

[திரையில்: ஒரு வட்ட மேசை, சுத்தி நாற்காலிங்க]

அனிமே ஒண்ண ஒரே கம்பெனி காசு போட்டு எடுக்கறது குறைவு. புக் போடற பப்ளிஷர், டிவி சேனல், டாய் கம்பெனி, ரெக்கார்ட் லேபிள்னு நாலஞ்சு பேர் சேந்து ஒரு கமிட்டி போட்டு ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுவாங்க. நஷ்டம் வந்தா பங்கு போட்டுக்கலாம். காசு போட்டவன் சும்மா போடுவானா, அவனவன் சரக்கு அவனவனுக்கு. லேபிளுக்குக் கிடைக்கற சரக்குதான் ஓப்பனிங்கும் எண்டிங்கும். தன் கைல இருக்கற புது பேண்ட அங்க போட்டுரும், வாரா வாரம் நாடு முழுக்க ஒன்றரை நிமிஷம் ஓடும், அதுக்குத் தனியா விளம்பரமே வேணாம். டை-அப்னு சொல்லுவாங்க இத. கென்ஷின் தயாரிச்சதுல சோனி மியூசிக்கோட கம்பெனி ஒண்ணு இருந்துச்சு, இப்ப அனிப்ளெக்ஸ்னு இருக்கே அதோட பழைய அவதாரம். ஜூடி அண்ட் மேரியும் சோனி குடும்பத்து லேபிள்தான். இப்ப புள்ளி மூஞ்சிப் பாட்டு எப்படி சாமுராய் முன்னாடி வந்துச்சுன்னு புரியுதா?

இத வெறும் வியாபாரம்னு ஒதுக்கிடலாம்தான். ஆனா அந்த ஒன்றரை நிமிஷம்ங்கற கட்டுப்பாடு இருக்கே, அதுக்குள்ள ஒரு தனி கைத்தொழிலே வளந்துருச்சு. டிவி சைஸ்னு சொல்லுவாங்க, 90 செகண்ட், கரெக்டா சொன்னா 89 பக்கம் வரும். அதுக்குள்ள இன்ட்ரோ, ஏ மெலோ, பி மெலோ, சாபி எல்லாம் வந்து முடிஞ்சிரணும். சாபின்னா நம்ம கோரஸ், ஏ மெலோ, பி மெலோன்னா அதுக்கு முன்னாடி வர்ற ரெண்டு பகுதி. இன்ட்ரோல ஒரு பெரிய அடி, அங்க டைட்டில் லோகோ விழும். ஏ மெலோல கேரக்டருங்க ஒவ்வொருத்தரா வருவாங்க, பி மெலோல பீட் கொஞ்சம் அடங்கும், யாராவது மழைல நிப்பாங்க இல்ல வானத்தப் பாப்பாங்க, அப்புறம் சாபி வந்ததும் சண்டை, ஓட்டம், அனிமேட்டர்ஸ் மொத்த வித்தையும் இறக்கிருவாங்க. இனிமே எந்த ஓப்பனிங் பாத்தாலும் இத நோட் பண்ணுங்க, அப்புறம் மறக்கவே முடியாது, சாரி.

இந்த அச்ச வச்சுக்கிட்டு என்னெல்லாம் பண்ணலாம்னு காட்டினது 1995 எவாஞ்செலியன். யோகோ டகாஹாஷி பாடினது, வரிகள் நெகோ ஓய்காவா. எழுதினவங்க சீரிஸ முழுசா பாக்கவே இல்ல, முடிக்காத வீடியோவ ஃபாஸ்ட் ஃபார்வர்ட்ல ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு மணி நேரத்துல எழுதிட்டேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. ஒரு பதினாலு வயசுப் பையன, வெளிய பறந்து போயிருவானோன்னு ஒரு அம்மா பாக்கற மாதிரி ஒரு பார்வை. இத எழுதிட்டாங்க, அவ்ளோதான், அந்த சீரிஸோட ஆணிவேரே அம்மா விஷயம்தான்னு பாத்தவங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல டைரக்டர் ஹிடேஆகி அன்னோ டீம் பண்ண படத் தொகுப்பு. முதல் வரி மெதுவா, கிட்டத்தட்ட இசையே இல்லாம வரும், அப்புறம் பீட். போகப்போக கட் வேகம் கூடிக்கிட்டே போகும், கடைசில ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஷாட், முகம், எழுத்து, வரைபடம், ரத்தம், என்ன பாத்தோம்னு மூளை பிடிக்கறதுக்குள்ள அடுத்தது. அதுல பாதி படம் கதைல எப்பவோதான் வரும். முதல் எபிசோட்ல ஒண்ணும் புரியாது, இருபதாவது எபிசோட்ல அதே ஓப்பனிங் பயமுறுத்தும்.

இதோட எண்டிங் ஃப்ளை மீ டு த மூன், பழைய அமெரிக்கப் பாட்டு, எபிசோடுக்கு எபிசோட் வேற வேற வெர்ஷன்ல போடுவாங்க. 2019ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தப்ப ஜப்பானுக்கு வெளிய பல நாட்டுல அந்தப் பாட்டையே தூக்கிட்டாங்க, ரைட்ஸ் பிரச்சனை. அவ்ளோ பெரிய இடி விழுந்து எபிசோட் முடிஞ்சதும் அந்த ஜாலியான பாட்டு வர்றதுதான் விஷயமே, அது இல்லாம எனக்கு உப்பு சப்பில்லாம இருந்துச்சு.

வரியே இல்லாம ஜெயிச்சதும் உண்டு, 1998 கவ்பாய் பீபாப்போட டாங்க், யோகோ கன்னோ இசை. பேஸ், போங்கோ, பிராஸ், நடுவுல சாக்ஸ். இத வார்த்தைல விளக்கறது வேஸ்ட், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க.

[திரையில்: ஆரஞ்சு ஜாக்கெட் பையன் ஓடறான்]

நின்ஜா பையன் கதை நருட்டோக்கு வருவோம், வராம விட்டா சும்மா விடுவீங்களா. 2003ல ரெண்டாவது ஓப்பனிங் ஹருகா கனாட்டா, ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன். தனியா ஒரு பேஸ் ரிஃப் ஆரம்பிக்கும், அதுமேல கிட்டார் ஏறும், அப்புறம் கத்தல். இந்தப் பாட்டு நருட்டோக்குன்னு எழுதினதே இல்ல, 2002லயே அவங்க மினி ஆல்பத்துல இருந்தது. ஆனா ஊரே ஒதுக்கி வச்ச பையன் மூச்சு முட்ட ஓடற படத்த அதுமேல வச்சதும் அவனுக்காகவே எழுதின மாதிரி ஆயிருச்சு. டை-அப் சில சமயம் இப்படியும் லாட்டரி அடிக்கும்.

இதுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு பாருங்க. ஒசாகா பக்கத்துல சகாய்ங்கற ஊர்லேர்ந்து காணா-பூன்னு ஒரு பேண்டு, ஏஷியன் குங்ஃபூவப் பாத்து வளந்த பசங்க. 2012ல ஒரு ஆடிஷன்ல ஜெயிச்சு அதே ஏஷியன் குங்ஃபூ கச்சேரிக்கு முன்னாடி வாசிச்சாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 2014ல நருட்டோவோட தொடர்ச்சியான நருட்டோ ஷிப்புடென்க்கு அவங்க போட்டது சில்லவெட். சின்ன வயசுல ஓடின ஓட்டம், விட்டுட்டு வந்த விஷயங்கள், பெரியவனாகறது, இதான் பாட்டு. ஹீரோவும் வளந்துட்டான், பாடறவனும் வளந்துட்டான். நிறைய பேரு ஷிப்புடென்னோட இன்னொரு ஓப்பனிங் ப்ளூ பேர்ட்தான் நம்பர் ஒன்னு சண்டைக்கு வருவாங்க, நல்ல பாட்டுதான், நான் இல்லங்கல, ஆனா என் ஓட்டு சில்லவெட்டுக்குத்தான்.

இப்ப க்ரஞ்சிரோல்ங்கற அனிமே ஆப்ல சில சீரிஸ் தமிழ் டப்பிங்லயே வருது, டயலாக் தமிழ்ல போயிட்டு இருக்கும், ஓப்பனிங் மட்டும் ஜப்பானீஸ்லயே ஓடும். அதுவே நல்லதுன்னு நினைக்கறேன், அமெரிக்கால டிராகன் பால் இசட்க்கு ஒரிஜினல் பாட்டத் தூக்கிட்டு ராக் த டிராகன்னு ஒண்ணு போட்டாங்க, ஒரிஜினலப் பாடின ஹிரோனோபு ககேயாமா குரல் இருந்த இடத்துல அது. ஏன்யா.

கடைசியா, பாட்டு கதைக்குள்ள முழுசா திரும்பி வந்த இடம். 2023 ஏப்ரல், ஓஷி நோ கோ, யோஅசோபிங்கற இசை ஜோடியோட ஐடல். ஜப்பான் பில்போர்ட்ல தொடர்ந்து 21 வாரம் முதலிடம், அமெரிக்காவ விட்டுட்டு எடுக்கற உலக சார்ட்லயும் ஜூன் மாசம் முதலிடம், ஜப்பானிய மொழிப் பாட்டு அங்க ஏறினது அதான் முதல் தடவ. யோஅசோபியோட பாணியே கதைய வச்சுப் பாட்டு பண்றதுதான், இதுக்கு மூலக்கதைய எழுதின அகா அகாசாகாவே தனியா ஒரு சிறுகதை எழுதிக் குடுத்தாரு. கதை யாரோட பார்வைல? ஹீரோயின், ஐங்கற பாப் குரூப் பாடகி பார்வைல இல்ல, அவளோட குரூப்ல கூட ஆடின ஒரு பொண்ணோட பார்வைல.

டிவில வர்ற 90 செகண்ட்ல நமக்குக் கேக்கறது முதல் பாகம் மட்டும்தான், வெளில இருந்து பாக்கறவங்க குரல். ரசிகன், மீடியா, எல்லாரும் ஐயப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு, என்ன சாப்பிடுவ, என்ன புக் படிப்பன்னு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. ஃபுல் வெர்ஷன் கேட்டீங்கன்னா ரெண்டாவது பாகத்துல குரலே மாறிடும், ஆமா ஆமா அவதான் ஸ்பெஷல், நாங்கல்லாம் சும்மா கூட நிக்கறவங்கன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு பொறாமை ராப், அதான் அந்த சிறுகதைப் பொண்ணுங்க. மூணாவதுலதான் ஐ அவளே பேசறா. என்ன சொல்றான்னு இங்க சொன்னா முதல் எபிசோட் மொத்தமும் ஸ்பாயில் ஆயிரும், அது ஒன்றரை மணி நேரம் ஓடும், அதப் பாத்துட்டு அப்புறமா ஃபுல் வெர்ஷன் போட்டுக் கேளுங்க.