பெய்ட்காஸ்டிங் ரீலில் பிரேக் வைப்பது எப்படி?

[காட்சி: ஏரிக்கரை. தவளை லூர் பறந்து, பாதி வழியில் வெடுக்கென்று நிற்கிறது. ரீலுக்குள் நூல் பொங்கிக் கிடப்பது நெருக்கத்தில் தெரிகிறது.]

விரால் மீனுக்குத் தவளை லூர், அதாவது தவளை மாதிரி செய்த போலி இரை, வீசலாம் என்று பெய்ட்காஸ்டிங் தூண்டில் ரீல் வாங்கியிருப்பீர்கள். முதல் வீச்சே இப்படி ஆகியிருக்கும். ரீலில் கோளாறு எதுவும் இல்லை, பிரேக்தான் உங்கள் லூருக்கு ஏற்றபடி இல்லை.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது நூல் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சும்மா நிற்கும், நூல் அதன் மேலிருந்து அவிழ்ந்து போகும். இதில் ஸ்பூலே சுற்றித்தான் நூலை விடுகிறது. லூரின் வேகத்தைக் காற்று குறைத்துக்கொண்டே வரும். ஸ்பூலோ எடுத்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். போகிற நூலைவிட வருகிற நூல் அதிகமானால், மிச்சம் அங்கேயே சுருண்டு சிக்காகிவிடும்.

வீசிய அடுத்த நொடியில் ஒருமுறை, லூர் தண்ணீரில் விழும்போது ஒருமுறை, ஆக இரண்டு இடங்களில் இது நடக்கும். முதலாவதை பிரேக் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்கு உங்கள் கட்டைவிரல்தான்.

[காட்சி: ரீலின் கைப்பிடிப் பக்கம்.]

கைப்பிடியை ஒட்டி நட்சத்திர வடிவில் இருப்பது டிராக். மீன் மாட்டிய பிறகுதான் அதற்கு வேலை, இப்போது அதைத் தொட வேண்டாம். பக்கத்தில் உள்ள சின்னத் திருகுதான் டென்ஷன் நாப். ராடை, அதாவது தூண்டில் கம்பை, சற்றுத் தூக்கிப் பிடித்து, லூரைத் தொங்கவிட்டு, ஸ்பூலை விடுவிக்கும் பட்டனை அழுத்துங்கள். லூர் மெதுவாக இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் ஸ்பூல் கிட்டத்தட்ட நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான். கை பழகிய பிறகு, ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவு வரை இதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

சிக்கு விழுந்தால் பலரும் இந்த நாபைத்தான் இறுக்குவார்கள். சிக்கு நிற்கும், கூடவே தூரமும் போய்விடும். இது ஸ்பூல் அச்சின் முனையை அழுத்துகிறது. வீச்சின் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே பிடி.

[காட்சி: மறுபக்கம். எண்கள் போட்ட டயல்.]

உண்மையான பிரேக் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான். டயல் வைத்த பல ரீல்களில் இது காந்த பிரேக். அலுமினிய ஸ்பூலில் காந்தம் ஒட்டாதே என்று தோன்றும். ஒட்டத் தேவையில்லை. காந்தத்துக்குப் பக்கத்தில் அலுமினியம் சுற்றினாலே அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சுற்றலை எதிர்க்கும். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படித்த அதே சங்கதி. ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் பிடி கூடும், வேகம் குறைந்தால் பிடியும் குறையும்.

சில ரீல்களில் மூடியைத் திறந்தால் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கும். அது மையவிலக்கு பிரேக். ஸ்பூல் சுற்றும்போது கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். வேகம் பாதியானால் இதன் பிடி கால்வாசியாகிவிடும். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் லூர் தாராளமாகப் போகும். கட்டைகளை எதிரெதிர் ஜோடியாகத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பூல் அதிரும்.

[காட்சி: செல்லோ டேப், பிறகு டயல் திரும்புகிறது.]

சரி, வீசலாம். அதற்கு முன் ஒரு வேலை. நீங்கள் வழக்கமாக வீசும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நூலை இழுத்துவிட்டு, மீதி நூலின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, மறுபடி சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமாகச் சிக்கினாலும் டேப்புக்குக் கீழே போகாது.

தொடக்கத்தில் 14 கிராம் லூர் போதும். டயல் 10 வரை இருந்தால் 8-இல் வையுங்கள். ஓங்கி வெட்டி வீசாமல், ராடு வளைந்து தானே லூரைத் தள்ளும்படி நிதானமாக வீசுங்கள். லூர் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்துங்கள். நாலைந்து வீச்சு சுத்தமாகப் போனால் ஒரு எண் குறையுங்கள். ஸ்பூலின் மேல் நூல் லேசாக எழும்பத் தொடங்கினால் ஒரு எண் பின்னால் வாருங்கள். அந்த லூருக்கு அதுதான் அளவு. லூரை மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும்.

கடற்கரையில் கொடுவாய் மீனுக்கு நிற்பவர்களுக்கு ஒன்று. மதியத்துக்கு மேல் கடல் காற்று முகத்தில் அடிக்கும். காலையில் சரியாக இருந்த அளவு அப்போது உதவாது. இரண்டு எண் கூட்டி, லூர் உயரப் போகாமல் தாழ்வாக வீசுங்கள்.

[காட்சி: சிக்கிய ரீல், கட்டைவிரல்.]

அப்படியும் சிக்கினால் உடனே நூலைப் பிய்த்து இழுக்காதீர்கள். டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பட்டனை அழுத்தி, நூலை மெல்ல இழுத்துப் பாருங்கள். பல சிக்குகள் இதிலேயே அவிழ்ந்துவிடும். நைலான் நூலில் வெள்ளையாக மடிப்பு விழுந்திருந்தால் அதுவரை வெட்டிவிட்டு லூரைக் கட்டுங்கள். மீன் இழுக்கும்போது அங்கேதான் அறுந்துபோகும்.