வீடு வரும், வகுப்பறை வருமா?

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளை நீச்சலுக்கும் பாட்டுக்கும் கொண்டுவிடுகிற சனிக்கிழமை மத்தியானத்தில், வீடு கட்டும் விதிகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சந்தோஷம்.

நாம் குடியிருக்கும் மான்ட்கமரி கவுன்ட்டி, மேரிலாந்து மாநிலத்தில் ஒரு மாவட்டம் மாதிரி, வாஷிங்டன் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. 10 லட்சத்துக்கும் மேல் மக்கள். ஆனாலும் பூல்ஸ்வில் பக்கம் வண்டியை விட்டால் சாலையின் இரண்டு பக்கமும் சோளக்கொல்லைதான். அது தானாகத் தப்பிப் பிழைத்த நிலமல்ல. 1980-இல் 93,000 ஏக்கரை, கவுன்ட்டியின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, விவசாயத்துக்கென்று ஒதுக்கினார்கள். அதுவரை 5 ஏக்கருக்கு ஒரு வீடு கட்டலாம். அன்றிலிருந்து 25 ஏக்கருக்கு ஒன்றுதான்.

சரி, 100 ஏக்கர் வைத்திருந்தவர் என்ன செய்வார்? 20 வீட்டுக்கு இடமிருந்த நிலத்தில் இனி 4 வீடுதான். அவர் வயிற்றில் அடித்துவிட்டால் திட்டம் நிற்காது. அதனால் 5 ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டும் உரிமையை அவர் கையில் கொடுத்தார்கள். அதை பில்டருக்கு விற்கலாம். வாங்கிய பில்டர், அதற்கென்று குறித்த வேறு இடங்களில் கூடுதலாகக் கட்டிக்கொள்வார். நிலம் விவசாயியிடமே இருக்கும். ஆனால் விற்ற உரிமை பத்திரத்தில் ஏறிவிடும், திரும்பி வராது. இவ்வளவு நேர்மையான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். சாலையும் பள்ளியும் தாங்குமா என்று பார்த்த பிறகே புது வீடுகளுக்கு அனுமதி என்பது 1973-லிருந்தே இங்கே சட்டம். பின்னாளில், ஒரு வட்டாரத்துப் பள்ளிகள் கொள்ளளவில் 120 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே வீட்டு அனுமதி தானாக நின்றுவிடும் என்று வைத்தார்கள்.

என் மகளின் ஐந்தாம் வகுப்பு, விளையாட்டு மைதானத்தில் இறக்கி வைத்த ஒரு தற்காலிக அறையில் நடந்தது. மழை பெய்தால் அதற்கு ஏறிப்போகும் மரப்பலகைச் சரிவு வழுக்கும். கழிப்பறைக்கு நனைந்துகொண்டே பெரிய கட்டடத்துக்கு ஓட வேண்டும். அந்த வருஷம், "இனி ஒரு வீடுகூட வேண்டாம்" என்ற மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

போட்டது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். பள்ளியில் கூடிய பிள்ளைகளில் பெரும்பகுதி புது வீடுகளிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டில் பெரியவர்கள் காலி செய்கிறார்கள், இரண்டு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் வருகிறது. அதற்கு யாரும் அனுமதி வாங்கத் தேவையில்லை. புது வீடுகளை நிறுத்தியதால் கூட்டம் குறையவில்லை, வீட்டுத் தட்டுப்பாடுதான் கூடியது. 2020-இல் அந்தத் தடையைக் கைவிட்டு, நெரிசலான பள்ளி வட்டாரத்தில் கட்டுகிற பில்டர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்று மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் பணம் இன்று வந்தாலும் வகுப்பறை வரப் பல வருஷமாகும். அந்த இடைவெளியைப் பற்றித்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

எழுதி வைத்த விதியைக்கூட யாராவது அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 2005-இல் நம் கவுன்ட்டியிலேயே இருக்கும் கிளார்க்ஸ்பர்க்கில் நூற்றுக்கணக்கான வீடுகள் அனுமதித்த உயரத்தை மீறியும், தெருவை நெருங்கியும் கட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர்கள் அதிகாரிகள் அல்ல. அங்கே குடியிருந்தவர்கள், வரைபடங்களை வாங்கி உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்.

பள்ளியையும் சாலையையும் பார்த்து வீட்டுக்கு அனுமதி கொடுக்கும் இந்த விதிகளை, அதாவது கவுன்ட்டியின் வளர்ச்சிக் கொள்கையை, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச ஒவ்வொருவருக்கும் சில நிமிடம் கிடைக்கும். போன தடவை நான் போனபோது நம் ஆட்கள் இரண்டே பேர். அடுத்த கூட்டத்துக்குப் பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். வரைபடம் படிக்கத் தெரியாது என்றால் வெட்கப்பட வேண்டாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.