ரன் அப் தொடங்கும் முன் பிள்ளையிடம் என்ன சொல்வது?

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளப் பயிற்சி அளிப்பவன் என்பதால், பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன்: பயிற்சியில் அருமையாகச் செய்யும் பிள்ளை, போட்டி நாளன்று மட்டும் ஏன் சொதப்புகிறது?

நீளம் தாண்டுதலை வைத்துச் சொல்கிறேன். கால் ஊன்றி எழும்ப வேண்டிய பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர்தான். வாரக்கணக்கில் ஓடிப் பார்த்து, ரன் அப் (தாண்டுவதற்கு முன் ஓடிவரும் ஓட்டம்) தொடங்கும் இடத்தை அளந்து அடையாளம் வைத்திருப்போம். போட்டியில் பெயரைக் கூப்பிட்டதும் அட்ரினலின் சுரந்து, இதயம் படபடவென அடித்து, தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால், பிள்ளை தன்னையறியாமல் வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது. ஒவ்வொரு காலடியும் இரண்டு விரற்கடை நீண்டாலே போதும், கடைசிக் கால் பலகையைத் தாண்டிவிடும், நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிவிடுவார். அன்று அந்தப் பிள்ளை நன்றாக ஓடியதால் வந்த ஃபவுல் அது. விவரம் தெரிந்த கோச், அடையாளத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். மற்றவர்கள் ஓரத்தில் நின்று, "போர்டைப் பாரு, போர்டைப் பாரு" என்று கத்துவார்கள். இரண்டாவது ஃபவுல் பெரும்பாலும் அந்தக் கத்தலின் பலன்தான். பழகிப் பழகித் தானாக நடக்கும் ஒரு செயலை நடுவில் உற்றுக் கவனித்துத் திருத்தப் போனால், அதன் ஓட்டமே குலைந்துவிடும் என்று விளையாட்டு உளவியலில் சொல்வார்கள். பலகையையே பார்த்து ஓடும் பிள்ளை கடைசிக் காலடிகளைக் குறுக்கியும் நீட்டியும் தடுமாறுவதில் அதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

"பயப்படாதே" என்பதும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கோ மேடையில் பேசுவதற்கோ முன்பு "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர் என்றாலும், மைதானத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். "படபடக்கிறதா? உடம்பு தயாராகிவிட்டது" என்று சொல்லிவிட்டு, கையோடு ஒரு வேலையைக் கொடுங்கள்: அடையாளத்தில் கால் வை, மூச்சை மெதுவாக நீட்டி விடு, மணலுக்கு அப்பால் பார், ஓடு. இந்த வரிசையைப் போட்டியன்று புதிதாகச் சொல்லித்தருவதில் பயனில்லை. நான் வாரக் கடைசியில் குழுவில் உள்ள எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வாய்ப்புத் தந்து, போட்டியில் போலவே கொடி காட்டித் தாண்டச் சொல்வேன். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. பிடிக்காத அந்த உணர்வு பழகுவதற்காகத்தான் இந்த ஏற்பாடே.

வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட் கிடைக்கும் என்ற கணக்கு பல வீடுகளில் இருக்கிறது. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டிக்கு முந்தின இரவு, சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார வைத்து, ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்கிய செலவையும் சீட்டையும் சேர்த்துப் பேசினால், மறுநாள் அந்தப் பிள்ளை தாண்ட வேண்டியது மணலை மட்டுமல்ல என்றாகிவிடுகிறது. முடிந்து வந்ததும் "எத்தனாவது வந்தே?" என்று கேட்பதற்கு முன்னால், தண்ணீராவது கொடுங்கள்.

எல்லாப் பயத்தையும் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் குழு இறுதிப் போட்டியில், அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் வால்ட்டை (ஓடிவந்து கை ஊன்றித் தாவும் பிரிவு) முடித்த கையோடு விலகினார். காற்றில் சுழலும்போது தன் உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். அதே ஒலிம்பிக்கில் பீமில் (குறுகிய கட்டையின் மேல் செய்யும் பிரிவு) வெண்கலமும், 2024 பாரிஸில் மூன்று தங்கமும் வென்றார். ஜிம்னாஸ்டிக்ஸிலோ போல் வால்ட்டிலோ (கோல் ஊன்றித் தாண்டுதல்) ஒரு பிள்ளை "இன்னைக்கு முடியாது சார்" என்றால், திட்டாமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, போட்டி என்றாலே வாந்தி என்ற அளவுக்குப் போனால், உளவியல் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் சென்னைப் பையன் குகேஷ், 2024இல் சிங்கப்பூரில் உலக சதுரங்கப் பட்டம் வெல்வதற்கு முன் மனப் பயிற்சியாளர் பேடி அப்டனுடன் சேர்ந்து தயாரானார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, நடுக்கம் குறைய மாத்திரை வாங்கிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் புரோப்ரனலால், வீசிங் உள்ள பிள்ளைக்கு உயிராபத்தாக முடியலாம். துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற போட்டிகளில் அது தடை செய்யப்பட்ட மருந்தும்கூட. பரிசோதனையில் தெரிந்தால் தண்டனை பிள்ளைக்குத்தான் வரும்.