கொம்பு வைக்காமல் கீறிய மாமா

(முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தில் பேசியது)

அம்மாமார், அக்காமார், பின்னால் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற தம்பிமார், எல்லோருக்கும் வணக்கம்.

இப்ப காட்டப்போகிறது நாங்கள் கையால் கீறின ஒரு கார்ட்டூன் படம், பிள்ளைகளுக்கு நடக்கிற பாலியல் துன்புறுத்தலைப் பற்றியது. இந்த விடயத்தை ஏன் கார்ட்டூனில் சொல்கிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். உண்மையான பிள்ளையொன்றை நடிக்க வைத்தால், நாளைக்கு அது ஒட்டுசுட்டான் சந்தைக்குப் போகும்போது "அந்தப் படத்துப் பிள்ளை" என்று சனம் பார்க்கும். வன்னியில் ஆளை ஆள் தெரியாமல் இருக்கிறதா? கீறின பிள்ளைக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

ஆனால் முதலில் கீறியது பிழைத்துவிட்டது. தப்புச் செய்கிற ஆளுக்குச் சிவந்த கண், முறுக்கு மீசை, தலையில் கொம்பு மாதிரி நிழல். ஒரு முன்பள்ளியில் காட்டிவிட்டு, "இப்படி ஒருவர் வந்தால்?" என்று கேட்டேன். "ஓடுவம்!" என்று கத்தினார்கள். "ரொபி தருகிற மாமா வந்தால்?" ஒருவரும் ஓடவில்லை. "மாமா நல்லவர்தானே ரீச்சர்" என்றாள் ஒரு சின்னவள். அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. பிள்ளைகளில் கை வைப்பவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான், அது தெரிந்திருந்தும் நாங்கள் பேயைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறோம்.

எல்லாவற்றையும் கிழித்துப் போட்டோம். புதுப் படத்தில் வருகிறவர் வடிவாகச் சிரிக்கிறார், கொப்பி வாங்கித் தருகிறார், கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறார். கையை மட்டும் பாருங்கள். தலையைத் தடவின கை தோளுக்கு இறங்குகிறது, பிள்ளை குறுகிப் போகிறது. அதோடு காட்சி முடியும்.

எனக்கு முக்கியம் அடுத்தது. பிள்ளை அம்மாவிடம் சொல்கிறது, அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறா. "சும்மா கதை சொல்லாதை" என்று சொல்லவில்லை, "ஏன் அங்க போனனீ" என்றும் கேட்கவில்லை. திருவலையை விட்டு எழும்பி, கையைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் வந்து இருக்கிறா. 40 செக்கன். செக்கனுக்கு 12 படம், மொத்தம் 480, எல்லாம் கையால் கீறியது. சுருக்கலாமே என்று பெடியன்கள் கேட்டார்கள், நான் விடவில்லை.

கடைசியில் வருகிற 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். பெண்களுக்கு 1938. வன்புணர்வு என்றால் குளிக்க வார்க்காமல், உடுப்பைத் தோய்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். மானம் போய்விடும் என்று வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்க்கிற பெரியவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்களும் இதை இருந்து பார்க்க வேண்டும்.

சரி, லைட்டை நிப்பாட்டுங்கோ. சின்னப் பிள்ளைகளை முன்னுக்கு இருத்துங்கோ, அம்மாமார் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருங்கோ.